தடித்த பிக்ஸல் எழுத்துருவில் தமிழ்: 16 வரிசைக்குள் ‘தேயிலை’ எழுதுவது எப்படி?

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், மே மாத விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காக, பழைய கணினிகளையும் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய பழைய விளையாட்டுப் பெட்டிகளையும் இரண்டு நாள் காட்சிக்கு வைக்க இருக்கிறோம். சுவரொட்டி, சட்டையில் குத்தும் வில்லை, ஸ்டிக்கர், வாசலில் ஓடும் எல்இடி பலகை ஆகிய எல்லாவற்றுக்கும் எழுத்து அமைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. காட்சியின் பொருளுக்கு ஏற்றபடி, சதுரம் சதுரமாகத் தெரியும் தடித்த பிக்ஸல் எழுத்துருவையே தலைப்புகளுக்கு வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆங்கிலத்துக்குத் தேடினால் கை நிறையக் கிடைக்கிறது. ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ 1980களின் ஆர்கேட் விளையாட்டு எழுத்தை 8க்கு 8 கட்டத்தில் தருகிறது. ‘விடி323’ பழைய கணினி முனையத்தின் திரையை நினைவூட்டுகிறது. ‘சில்க்ஸ்கிரீன்’ 1999-இல் இணையப் பக்கங்களின் மிகச் சிறிய எழுத்துகளுக்காக வரையப்பட்டது. மூன்றுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் இவற்றில் தமிழைத் தட்டச்சு செய்தால், கணினி நம்மிடம் கேட்காமலேயே வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடுகிறது. ஒரே வரியில் ஆங்கிலம் சதுரமாகவும் தமிழ் வழவழப்பாகவும் நின்று, இருவர் சேர்ந்து எழுதிய கடிதம் போல் ஆகிவிடுகிறது.

தமிழும் உள்ள பிக்ஸல் எழுத்துரு என்று என் கையில் இருப்பது யூனிஃபான்ட். 16 வரிசை உயரத்தில், யூனிகோடின் அடிப்படைத் தளத்தில் உள்ள எல்லா மொழிகளையும் அது தாங்குகிறது. அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அதன் கோடு ஒரு பிக்ஸல் தடிமன்தான். திரையில் வாசிக்க அது போதும். பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டினால் கண்ணில் படாது.

ஆகவே நானே வரையத் தொடங்கினேன். 16 வரிசைக் கட்டம், எல்லாக் கோடுகளும் 2 பிக்ஸல் என்று வைத்துக்கொண்டேன். புள்ளிக்கு 2 வரிசை, அதன்கீழ் இடைவெளி 1, எழுத்தின் உடலுக்கு 9, கீழே இறங்கும் வாலுக்கு 4 என்பது என் கணக்கு. ட, ப, ம, ய ஆகியவை கட்டத்துக்கென்றே பிறந்தவை போல வந்தன. பிறகு ‘தேயிலை’ என்று எழுதிப் பார்த்தேன். ஏகாரக் கொம்பின் சுழி நிரம்பிப்போய் ‘தெயிலை’ ஆகிவிட்டது. ஐகாரத்தின் இரட்டைச் சுழி இரண்டு கறுப்புக் கட்டிகளாகிவிட்டது. கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலையைப் பிழையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அச்சுக்கூடத்தார் (உதகை)

தம்பி, பதில் சொல்வதற்கு முன் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். நான் 22 ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்தவன். தமிழில் பழமையின் நினைவு வேண்டும் என்றால், நமக்கு முதலில் வர வேண்டியது சதுரப் புள்ளி அல்ல, மர எழுத்து. பெரிய அளவில் ஈயத்தில் வார்த்தால் எடையும் செலவும் தாங்காது என்பதால்தான் சுவரொட்டித் தலைப்புகளை மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தடிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. மரத்தில் மெல்லிய கோடு உடையும். தடித்த கோடு நிற்கும். நீ சொல்லும் சதுர எழுத்து வேறு ஊரில் வேறு பிள்ளைகள் பார்த்த திரையின் நினைவு. அதை நம் எழுத்துக்கு மாட்டும்போது, கடன் வாங்கிய சட்டை போல் தோளில் இடிக்கத்தான் செய்யும்.

இரண்டாவதாக, புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் படித்துப் பிரிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை ஏட்டுப் பதிப்புகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அச்சு வந்த பிறகே புள்ளி உறுதியாக இடம் பிடித்தது. இப்போது கட்டம் போதவில்லை என்று அதை மீண்டும் எழுத்தோடு ஒட்டவைத்துவிடாதே. ‘பால்’ என்பதும் ‘பால’ என்பதும் வேறு.

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

ஐயா, மர எழுத்தைப் பற்றிய உங்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் சதுரப் புள்ளி நமக்கு அந்நியம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊசி அச்சுப்பொறி ‘கர்ர்’ என்று சத்தமிட்டு அடித்துத் தந்த ரசீதுகளையும், ரயில் முன்பதிவுச் சீட்டுகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த எழுத்து முழுவதும் 9 ஊசி அல்லது 24 ஊசி குத்திய புள்ளிகளே. கையில் அடங்கும் செங்கல் விளையாட்டுக் கருவியில் 10க்கு 20 கட்டம்தான் திரை. அதில் இரவெல்லாம் விளையாடிய பிள்ளைகள் இந்த மலையில் எத்தனையோ பேர் உண்டு. தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியின் திரை 256க்கு 240 பிக்ஸல். அது 8க்கு 8 ஓடுகளாக, குறுக்கே 32, நெடுக்கே 30 என்று பிரிக்கப்பட்டிருந்தது. ஓர் ஓட்டில் ஓர் ஆங்கில எழுத்து அடங்கிவிடும். தமிழ் அடங்காது, ஆகவே அந்தத் திரையில் தமிழே இல்லை. அந்த நினைவு எங்களுடையதுதான், அதில் எங்கள் எழுத்து மட்டும் விடுபட்டுப்போனது. விட்ட இடத்தை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

புள்ளியைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

எழுத்துநிரல் (சொந்த ஊர் குன்னூர், இப்போது பெங்களூரு)

தவறு வரைந்த கையில் இல்லை, ‘தடிப்பு’ என்பதை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் நாம் தடிப்புப் பொத்தானை அழுத்தினால், பழைய கணினிகள் என்ன செய்தன என்று பாருங்கள். எழுத்தை ஒரு பிக்ஸல் வலப்பக்கம் நகர்த்தி, முன்னதன் மேலேயே இன்னொரு முறை பதித்துவிடும். ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவை இதைத் தாங்கும். ஒரு எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஒன்றோ இரண்டோதான், அவையும் அகலமானவை. தமிழில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஒரே ஒரு பிக்ஸல். நகர்த்திப் பதித்தவுடன் அது மறைகிறது. நீங்கள் கையால் வரைந்தாலும், மனத்தில் இதே இயந்திர வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். கறுப்பைக் கூட்டினீர்கள், வெள்ளையை எண்ணவில்லை.

ண எழுத்தின் நடுவே குறுக்காக ஒரு நூலைப் பிடியுங்கள். என் வரைவில் அந்த நூலை 5 நிமிர்ந்த கோடுகள் கடக்கின்றன. ஒவ்வொன்றும் 2 பிக்ஸல், இடைவெளி 1 பிக்ஸல் என்றால் 14 பத்தி (நெடுக்கு வரிசை) அகலம் வேண்டும். இடைவெளியும் 2 என்றால் 18 பத்தி. கறுப்புக்குச் சமமாக வெள்ளை இல்லாவிட்டால் அது தடித்த எழுத்து ஆகாது, வெறும் கறை.

முன்னோர் செய்ததைப் பார்ப்பதும் உதவும். 1984-இல் வந்த முதல் மேகின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துருவை உற்றுப் பாருங்கள். அந்தத் திரை 512க்கு 342 பிக்ஸல். கறுப்பு, வெள்ளை தவிர இடைச் சாம்பல் நிறம் கிடையாது. பயன்படுத்த முடியாத மெனு வரியை மங்கலாகக் காட்ட வேண்டுமானால், ஒன்றுவிட்டு ஒரு பிக்ஸலை அழிப்பதுதான் ஒரே வழி. அப்படி அழித்த பிறகும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தடிப்பு துணை நின்றது. கவனிக்க வேண்டியது இதுதான்: அதில் நிமிர்ந்த கோடுகள் 2 பிக்ஸல், படுக்கைக் கோடுகள் 1 பிக்ஸல். எல்லாவற்றையும் அவர் தடிப்பாக்கவில்லை. 2001-இல் வந்த முதல் ஐபாடின் சிறு திரையிலும் அதே எழுத்தே மீண்டும் உயிர்பெற்றது. முதல் மேகின்டாஷ் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1985-இல், சுசானா லிச்கோ எமிக்ரே இதழுக்காக அதே வகைக் கணினியில் வரைந்த ஓக்லாந்து, எம்பரர் முதலியவற்றில் படிக்கட்டுச் சதுரத்தை மறைக்கும் முயற்சியே இல்லை. அதையே அழகாக எடுத்துக்கொண்டார். இந்த இருவரிடமும் நாம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் இருவருக்கும் ஏகாரச் சுழி என்ற கவலை இருக்கவில்லை.

பலகைவேலை (குன்னூர்)

நான் கடைகளுக்கு எல்இடி பலகை கட்டிக் கொடுக்கிறவன். அச்சு வேலையில் பிக்ஸல் என்பது நீங்கள் விரும்பி எடுத்துக்கொள்வது. எங்கள் தொழிலில் அது விதி, வேறு வழி கிடையாது. பி10 என்னும் எல்இடி தகடு ஒன்று 32 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம், குறுக்கே 32 விளக்கு, நெடுக்கே 16 விளக்கு, ஆக 512. விளக்குக்கு விளக்கு 10 மி.மீ. இடைவெளி. 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டிய பலகை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அந்த 16 வரிசைக்குள்தான் புள்ளியும் கொம்பும் வாலும் அடங்க வேண்டும். கட்டம்பதினாறு அவர்களின் கணக்கு எங்கள் தகட்டுக்கு அளவெடுத்தது போல் இருப்பதால்தான் இந்த இழையில் எழுதுகிறேன்.

பெரும்பாலான பலகைகளில் எழுத்து ஓடும். ஓடும் பலகையில் அகலம் மலிவு, உயரம் விலை மிகுந்தது. ண எழுத்து 18 பத்தி எடுத்தால் எடுக்கட்டும், அரை நொடி கூடுதலாக ஓடும். ஆனால் 17-ஆவது வரிசையை நான் எங்கிருந்து கொண்டுவருவது? ஆகவே அகலத்தைத் தாராளமாகச் செலவழித்து, உயரத்தைச் சிக்கனமாக வையுங்கள். என்னிடம் வந்த சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் செயலிகளில் தமிழைத் தட்டச்சு செய்தால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. அதனால் நான் தமிழ் வரிகளை 16 வரிசை உயரமுள்ள கறுப்பு வெள்ளைப் படமாகவே ஏற்றிவிடுகிறேன். படத்தில் ஒரு பிக்ஸல், தகட்டில் ஒரு விளக்கு.

இனி பனிமூட்டம். சமவெளியில் பலகை கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. ஜூலையில் மாலை 5 மணிக்குச் சிம்ஸ் பூங்கா பக்கம் மூட்டம் இறங்கினால், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளி வட்டமாகப் படர்கிறது. அணைந்திருக்கும் விளக்கின் இடமும் பக்கத்து ஒளியால் நிரம்பிவிடுகிறது. ஒரு வரிசை இடைவெளி அப்போது இல்லாமலே போகிறது. முதலில் காணாமல் போவது புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள வரிசை. ஓர் அடுமனைக்கு ‘சூடான வர்க்கி’ என்று கட்டிக் கொடுத்தேன். அடுத்தடுத்து ர், க் என இரண்டு புள்ளிகள், பிறகு கி-யின் கொக்கி. மூட்டத்தில் பார்த்தபோது மூன்றும் ஒட்டிக்கொண்டு எழுத்துக்கு மேல் கூரை போட்டது போல் நின்றன. பலகையின் ஒளியைக் குறைத்த பிறகு ஓரளவு பிரிந்து தெரிந்தது. ஆனால் உண்மையான மருந்து இடைவெளிதான். புள்ளிக்குக் கீழே 2 வரிசை வேண்டும்.

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

பலகைவேலை அண்ணா, 2 வரிசை இடைவெளி கொடுத்தால் உடலுக்கு 8 வரிசைதான் மிஞ்சுகிறது. க போன்ற எழுத்தில் மேல், நடு, கீழ் என்று மூன்று படுக்கைக் கோடுகள் 2 வீதம் 6 வரிசையை எடுத்துக்கொள்ளும். மீதி 2 வரிசையில் இரண்டு இடைவெளி, ஆளுக்கு ஒன்று. நீங்கள் சொல்லும் மூட்டத்தில் அதுவும் மூடிவிடும். மேலே திறந்ததைக் கீழே அடைத்ததாக அல்லவா ஆகும்?

எழுத்துநிரல் சொன்ன சிகாகோ வழியில், படுக்கைக் கோடுகள் எல்லாவற்றையும் 1 பிக்ஸலாக்கி இன்றிரவு வரைந்து பார்க்கிறேன்.

சாயச்சட்டம் (கூடலூர்)

சட்டை, பை, பதாகை ஆகியவற்றுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமும் இருக்கிறது. பிக்ஸல் எழுத்து கேட்டு வருபவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நான் படும் பாட்டில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது மூலை. இரண்டு சதுரங்கள் பக்கம் தொடாமல் மூலை மட்டும் தொட்டுக்கொண்டால் திரையில் அழகாகத் தெரியும். வெட்டும் கத்திக்கு அந்த இடம் அகலமே இல்லாத பாலம். உரித்தெடுக்கும்போது அங்கேதான் பிய்யும். துணியில் அச்சடித்தால் மை ஒரு முறை அங்கே சேரும், மறு முறை பிரியும். சாய்ந்து இறங்கும் கோடு எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் அடுத்தடுத்த படிகள் ஒரு பிக்ஸலாவது பக்கத்தோடு பக்கம் உரசும்படி வரையுங்கள். 2 பிக்ஸல் தடிமனின் பெரிய நன்மை, அது இயல்பாகவே கைகூடுவதுதான்.

இரண்டாவது, சதுரங்களை ஒன்றாக இணைத்துத் தராமல் அப்படியே தருவது. ஒவ்வொரு சதுரமும் தனி வடிவமாக இருந்தால், கத்தி ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டும். ஒரு எழுத்துக்குப் பதிலாக அறுபது துண்டுகள் கையில் வரும். அச்சிலும் சதுரங்களுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரியும். கோப்பைத் தருமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது அளவு. என் அச்சுச் சட்டத்தில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மை மூடிவிடுகிறது. சட்டைப்பை மேல் சிறிதாக அடிக்க வேண்டுமானால், ஒரு பிக்ஸலை அதற்குக் கீழே இறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஓரங்கள் மசங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; ஆவணமாக அனுப்புங்கள்.

உரிமத்தைப் பாருங்கள் என்றும் ஒரு சொல். போன ஆண்டு ஒருவர் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று குறித்திருந்த எழுத்துருவில் விற்பனைச் சட்டைகளுக்கு வடிவம் கொண்டுவந்தார். அச்சுச் சட்டம் தயாரான பிறகு கவனித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

நூலெண்ணி (உதகை)

இதை ஒரு தையல்காரியின் பக்கத்திலிருந்து பார்க்கலாமா? குறுக்குத் தையலில் ஒரு பிக்ஸல் என்பது ஒரு தையல். அங்குலத்துக்கு 14 கண் உள்ள துணியில் 16 வரிசை எழுத்து ஏறத்தாழ 2.9 செ.மீ. உயரம் வரும், புத்தகத்தில் வைக்கும் அடையாளப் பட்டைக்கு மிகச் சரியான அளவு. பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தாங்களே தைத்துப் பார்க்க இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. கணினிக்கு வரைந்ததை மறுநாளே ஊசியில் எடுக்கலாம் என்பதே இந்த எழுத்தின் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன். நிறம் பூசி வளைத்த எழுத்துருவில் அது நடக்காது.

இந்த மலையில் இருந்துகொண்டு கட்டத்தைப் பற்றிப் பேசும்போது தோடர் பெண்களை நினைக்காமல் இருக்க முடியாது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், எந்த வரைபடமும் இல்லாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே அவர்கள் வடிவங்களை எழுப்புகிறார்கள். நெய்ததோ என்று ஐயுறும்படி இருக்கும். எங்கே தைப்பது என்பதைப் போலவே, எத்தனை இழையை விடுவது என்பதும் அவர்களுக்குக் கணக்கு. இழையை விடுவதுதான் வடிவம் என்பதை ஒரு புத்துக்குளிச் சால்வையை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உடனே விளங்கும். எழுத்துநிரல் ‘வெள்ளையை எண்ணுங்கள்’ என்று சொன்னதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுவரொட்டிக்கு நீலகிரிச் சாயல் வர வேண்டும் என்று அந்தப் பூவேலை வடிவங்களை எடுத்து எழுத்தைச் சுற்றி ஒட்டிவிடாதீர்கள். அது 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற, ஒரு சமூகத்தின் கைவேலை. எண்ணும் முறையைக் கற்றுக்கொள்ளலாம், வடிவம் அவர்களுடையது.

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

அக்கா, வடிவங்களைத் தொட மாட்டேன். அடையாளப் பட்டை பற்றிய யோசனையைப் படிப்பகத்தில் சொன்னேன்; காட்சியில் ஒரு மேசையை அதற்கென்றே ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாம் வரைவின் நிலை இது. படுக்கைக் கோடுகளை 1 பிக்ஸலாக்கியதும் 8 வரிசை உடலில் எல்லா இடைவெளியும் திறந்துவிட்டது: மேல்கோடு 1, வெள்ளை 2, நடுக்கோடு 1, வெள்ளை 3, அடிக்கோடு 1. தேயிலை தேயிலையாகவே வாசிக்கிறது. ஆனாலும் ஏதோ சரியில்லை. எழுத்துகள் தரையில் நிற்காமல் மிதப்பது போல் தெரிகின்றன. குறிப்பாக ‘படம்’ என்று எழுதினால் மூன்றுமே தளர்ந்து காண்கின்றன. அச்சுக்கூடத்து ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அச்சுக்கூடத்தார் (உதகை)

பார்த்தேன். தளர்ச்சிக்குக் காரணம் வெளிப்படை. ஆங்கில எழுத்து நிமிர்ந்த கால்களில் நிற்பது. அதன் பாரம் காலில் இருக்கிறது. நம் ட, ப, ம, உ ஆகியவை படுக்கைக் கோட்டில் உட்கார்ந்திருப்பவை. அவற்றின் பாரம் அடியில் இருக்கிறது. அடியை மெலியவைத்தால் பீடத்தை எடுத்துவிட்டு விக்கிரகத்தை நிறுத்தியதாகும். சிகாகோவை வரைந்த அம்மையார் தம் எழுத்துக்குச் சரியானதைச் செய்தார். நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய்.

மர எழுத்துச் செதுக்கியவர்களுக்கும் இதே இடநெருக்கடி உண்டு. நான் கோத்த பெரிய எழுத்துகளில் அடிக்கோடு பருத்தும், உள்ளே ஓடும் நடுக்கோடு அதைவிட மெலிந்தும் இருக்கும். அதைச் செய்து பார். அடிக்கோட்டுக்கு 2, மேல்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் 1.

சதுர எழுத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். ஆங்கிலத்துக்கு வரைந்ததைத் தமிழுக்கு மாட்டுவார்கள் என்று அஞ்சித்தான் எழுதினேன். நீ தமிழுக்கென்று எண்ணுகிறாய் என்பது இப்போது தெரிகிறது.

எழுத்துநிரல் (பெங்களூரு)

ஐயா சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்: 1 கோடு, 2 வெள்ளை, 1 கோடு, 2 வெள்ளை, 2 அடிக்கோடு. மிகச் சரியாக 8. இரண்டு வெள்ளையும் சமமாகவும் வந்துவிட்டன. இதில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. புள்ளிக்கு 2, அதன்கீழ் 2 என்று மேலே 4 வரிசை திறந்திருப்பதால், ஈகாரக் கொக்கியின் சுழிக்கு 1 கோடு, 2 வெள்ளை, 1 கோடு என்று முழு இடம் இருக்கிறது. ஏகாரக் கொம்பின் சுழியையும் அந்தப் பகுதிக்கே உயர்த்திவிடலாம். ‘மின்’ என்பதையும் ‘மீன்’ என்பதையும், ‘தென்’ என்பதையும் ‘தேன்’ என்பதையும் இனி யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள். மூட்டத்துக்காகப் பலகைவேலை கேட்ட இடைவெளி, சுழிகளுக்கும் வீடாகிவிட்டது.

கோப்பாக்கும்போது கவனிக்க வேண்டியவை: எழுத்துருவின் உயரத்தை 1024 அலகு என்று வைத்தால் ஒரு பிக்ஸல் 64 அலகு, எல்லாப் புள்ளிகளும் 64-இன் மடங்கிலேயே நிற்கும். திரையில் பயன்படுத்தும்போது 16, 32, 48 என்ற மடங்குகளில் மட்டும் வையுங்கள். 20 என்று வைத்தால் பெரும்பாலான சதுரங்களின் ஓரம் பிக்ஸலின் நடுவில் விழுந்து சாம்பல் பூத்துவிடும். ணி, டி, ளு, கூ போன்றவற்றை ஒட்டுப்போடாமல் தனித்தனியே வரைந்து, எழுத்துருவின் கூட்டெழுத்து விதியில் சேர்த்துவிடுங்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, னை போன்றவை பிற எழுத்துகளின் வரிசையில் வந்துவிட்டதால், அவற்றுக்கெனத் தனி வடிவம் வேண்டாம். உகர, ஊகார வரிசைகளில்தான் உங்கள் நேரம் போகும். சீர்திருத்தம் அங்கே கை வைக்கவில்லை.

பனிமலர் (குன்னூர்)

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தேநீர்க்கடையின் விலைப்பட்டியல் முழுவதையும் இந்த எழுத்தில் வைக்கலாமா? ஏறத்தாழ 30 வரிகள் வரும்.

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

வேண்டாம் அம்மா. கடையின் பெயருக்கும், ‘இன்று’ என்ற ஒரு சொல்லுக்கும் வையுங்கள். இது தொலைவிலிருந்து ஒரு சொல்லைப் பிடிக்க வரைந்த எழுத்து. 30 வரி சேர்ந்தால் சுவர் முழுவதும் செங்கல் அடுக்கியது போல் ஆகி, சுக்குக் காபி எங்கே என்று வாடிக்கையாளர் தேட வேண்டியிருக்கும். விலைகளுக்கு வழக்கமான தெளிந்த எழுத்துருவே நல்லது.

பலகைவேலை (குன்னூர்)

நேற்று மாலை மூட்டம் நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு தகடுகளை இணைத்துக் கடை வாசலில் மாட்டி, மூன்று வரைவுகளிலும் ‘தேயிலை’, ‘வர்க்கி’, ‘கோத்தகிரி’ என்ற சொற்களை ஓடவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து கடைப் பையனைப் படிக்கச் சொன்னேன். அவனிடம் சொற்களை முன்கூட்டியே சொல்லவில்லை.

முதல் வரைவில் ‘வர்க்கி’ அவனுக்குப் பிடிபடவேயில்லை. இரண்டாம் வரைவில் மூன்றையும் படித்தான், ஆனால் ‘கோத்தகிரி’ என்பதை நின்று யோசித்துத்தான் படித்தான். ரகரத்தின் வால் மெலிந்து, கால் வாங்கிய எழுத்தைப் போலத் தெரிந்திருக்கிறது. அடிக்கோடு பருத்த மூன்றாம் வரைவில் மூன்றையும் நடந்துகொண்டே படித்துவிட்டான். புள்ளிகள் தனித்தனியே நிற்கின்றன. ஒளியை நான் பாதிக்குக் கீழே வைத்திருந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு ஒளியில் மூன்றாம் வரைவிலும் ஐகாரச் சுழி லேசாக நிரம்புகிறது.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். ரகரத்தின் வாலை ஒரு பத்தி இடப்பக்கம் நீட்டுங்கள். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த வாலில்தான் இருக்கிறது.

கட்டம்பதினாறு (கோத்தகிரி)

வாலை நீட்டிவிட்டேன். அதற்காக ர, ரி, ரு, ரூ என்று அந்த வரிசை முழுவதையும் மறுபடி வரைந்தேன்.

சுவரொட்டி அளவையும் முடிவு செய்தாயிற்று. மூன்றாம் வரைவில் ‘கோத்தகிரி’ 82 பத்தி. ஏ3 தாளின் நீண்ட பக்கமான 420 மி.மீ.யைக் குறுக்காக வைத்து, பிக்ஸலுக்கு 4 மி.மீ. கொடுத்தால் 328 மி.மீ. வருகிறது, இரு பக்கமும் 46 மி.மீ. வெள்ளை மிஞ்சும். அந்த வெள்ளையில் எதையும் நிரப்பப் போவதில்லை. நாள், இடம், நேரம் ஆகியவை சாதாரண எழுத்துருவில் கீழே வரும். சாயச்சட்டம் அண்ணா சொன்னபடி சதுரங்களை இணைத்து, மூலை மட்டும் தொடும் இடங்களைத் தேடிப் பார்த்தேன். ஞ, ழ இரண்டிலும் இருந்தன, சரிசெய்துவிட்டேன். நூலெண்ணி அக்காவுக்கு 12 உயிரெழுத்துகளின் கட்ட வரைபடங்களை இன்று மாலை அனுப்புகிறேன். மெய்யெழுத்துகள் 18-உம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.

எழுத்துருவைத் திறந்த உரிமத்திலேயே வெளியிடுகிறேன். உகர வரிசையில் ஞு, ஙு இரண்டும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.